இக்ஸியன் பேசி முடிக்கும்வரை

டேவிட் ரோஸ் இசையமைத்த ‘தி ஸ்ட்ரிப்பர்’ என்ற துண்டை, பெயர் தெரியாமலே நீங்கள் கேட்டிருப்பீர்கள். டிராம்போன் வழுக்கிக்கொண்டு இறங்கும். டிரம்ஸ் ஓரிடத்தில் நின்று ‘டம்’ என்று ஒரு தட்டுத் தட்டும். ஆங்கிலப் படத்திலோ விளம்பரத்திலோ ஒரு பெண் கையுறையை மெதுவாகக் கழற்றினால் பின்னால் அநேகமாக இதுதான் ஒலிக்கும். பர்லெஸ்க் என்றாலே உலகத்துக்கு இந்த மெட்டுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் இது பதிவானது 1958ல். 1962ல் ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளிவந்து, அமெரிக்க வரிசையில் முதலிடத்துக்குப் போனது. நியூயார்க் நகராட்சி பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமம் தர மறுத்து இழுத்து மூடியதோ 1937ல். கடையை மூடி இருபது வருஷம் கழித்து மாட்டிய பெயர்ப்பலகை என்று இதைச் சொல்லலாம்.

இந்த விஷயமெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு வேலையினால். நியூஜெர்சியில் நான் இருக்கும் ஊரில் ஒரு சின்ன நாடகக்குழு இருக்கிறது. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் மாலையில் கூடி நடத்துவது. அவர்களுக்குப் ‘பழைய காலத்து பர்லெஸ்க்’ ஒன்றைப் பதிவுசெய்த இசை இல்லாமல், மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்களை உட்கார வைத்துப் போட வேண்டும் என்று ஆசை. நான் கும்பகோணத்தில் வயலின் கற்றுக்கொண்டவள், மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு வாசிக்கப் பழகியது இங்கே வந்து. வாசிக்கவும் ஆள் வேண்டும், நூலகத்துக்குப் போய்த் தேடவும் ஆள் வேண்டும் என்றதும் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பழைய காலம் என்பது. இறகு விசிறி, மணிகள் தைத்த உடை, 1930கள் என்றார்கள். அதற்கும் முன்னால் போகலாமே என்றேன். 1868க்கு.

அந்த வருஷம் ஆகஸ்டில் லிடியா தாம்ப்சன் என்ற முப்பது வயது ஆங்கிலேய நடிகை சிறு குழுவோடு நியூயார்க் வந்து இறங்கினார். செப்டம்பர் 28 அன்று, பிராட்வேயும் 30ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், வுட்ஸ் மியூசியம் என்ற கேளிக்கைக் கூடத்தோடு சேர்ந்த அரங்கில் அவர்கள் போட்ட நாடகம் ‘இக்ஸியன்’. எஃப். சி. பர்னாண்ட் லண்டன் மேடைக்காக 1863ல் எழுதியது. கிரேக்கப் புராணத்தில் இக்ஸியன் தெசலி நாட்டு அரசன். கடவுள்களின் விருந்துக்கு அழைக்கப்பட்டுப் போனவன், கடவுள் அரசனின் மனைவி மேலேயே கண் வைத்தான். தண்டனையாக, ஓயாமல் சுழலும் சக்கரத்தில் கட்டப்பட்டான். பர்னாண்ட் கொடுத்த துணைத்தலைப்பு ‘சக்கரத்தைப் பிடித்தவன்’ என்கிற பொருளில் வரும். கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பிடிப்பவனுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். தலைப்பிலேயே சிலேடை ஆரம்பித்துவிடுகிறது. நாடகம் முழுக்க அப்படித்தான். ஈரடி எதுகைகளில் வசனம், வரிக்கு வரி சிலேடை, ஊர் வம்பு, அரசியல் கிண்டல்.

அரசன் இக்ஸியனாக நடித்தது லிடியாவே. ஆண் தெய்வங்களில் பலரும் பெண்கள்தான். ஞானத்தின் தேவியான மினர்வாவாக வந்ததோ ஹாரி பெக்கெட் என்ற ஆண் நகைச்சுவை நடிகர். ஆண் வேடமிட்ட பெண்கள் தொடைவரை வரும் மேலங்கியும் காலை ஒட்டிய உறையும் போட்டிருந்தார்கள். தரையைக் கூட்டும் பாவாடைகளின் காலத்தில் அது பெரிய சமாச்சாரம்தான். ஆனால் நாடகம் முழுவதிலும் யாரும் எதையும் கழற்றவில்லை. குழுவில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் அமைதி. “அப்போ மூணு மணி நேரம் என்ன பண்ணாங்க?” என்று கேட்டார் ஒருவர். பேசினார்கள், பாடினார்கள், பார்வையாளரை நேருக்கு நேர் பார்த்துக் கிண்டல் செய்தார்கள் என்றேன்.

பர்லெஸ்க் என்ற சொல்லுக்கு மூலம் ‘பர்லா’ என்ற இத்தாலியச் சொல். கேலி, பகடி. மேடையில் அதற்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பிளாஞ்சே. இவருடைய கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1823ல் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘ஜான் மன்னன்’ நாடகத்துக்கு, கல்லறைச் சிற்பங்களையும் பழைய சுவடிகளையும் பார்த்து, அந்த மன்னன் காலத்து உடைகளையே தைத்துப் போட வைத்தவர் இவர். அதுவரை வரலாற்று நாடகங்களில் கையில் கிடைத்த உடுப்பைத்தான் மாட்டிக்கொண்டு வந்தார்கள். 1834ல் பிரிட்டிஷ் உடைகளின் வரலாறு என்று புத்தகமே எழுதினார். இப்படிப்பட்ட தொல்லியல் பித்தர்தான் 1831 ஜனவரியில், லண்டன் ஒலிம்பிக் தியேட்டரை மேடம் வெஸ்ட்ரிஸ் என்ற நடிகை குத்தகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கியபோது, அவருக்காக ‘ஒலிம்பிக் ரெவல்ஸ்’ என்ற புராணக் கூத்தை எழுதித் தந்தார். வெஸ்ட்ரிஸ் அதில் பாண்டோரா.

அதற்கு முன்னால் பகடி நாடகம் என்றால் வேடமும் கோமாளித்தனமாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். பிளாஞ்சே தலைகீழாக யோசித்தார். கிரேக்கக் கடவுள் சிற்பத்திலிருந்து இறங்கி வந்தது போல, மடிப்புக் கலையாத அங்கியில் நிற்கட்டும். வாயைத் திறந்தால் மட்டும் லண்டன் தெருப்பேச்சு வரட்டும். உடை எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு சிரிப்பு.

எங்கள் நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைக்கவில்லை. சரித்திரத்தைக் கருவாக வைத்து பர்லெஸ்க் போடுவது என்பது இப்போது புதிதாக யாரோ யோசித்த விஷயமில்லை, அந்தக் கலை பிறந்தபோதே அப்படித்தான் இருந்தது. தையல் வேலை பார்த்த பெண்மணியிடம் இதைச் சொன்னதும், ஜிகினா வைக்கலாமா என்ற பேச்சே நின்றுபோனது.

அடுத்தது இசை. அங்கேதான் உண்மையான சிக்கல். அந்தக் காலத்து பர்லெஸ்க் பிரதிகள் லண்டனில் லேசி என்ற பதிப்பாளர் போட்ட மலிவுப் புத்தகங்களாகக் கிடைக்கின்றன. பாட்டு வரும் இடத்தில் வரிகள் மட்டும் இருக்கும், மேலே ‘இன்ன மெட்டு’ என்று ஒரு குறிப்பு. நம் ஊர்ப் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ‘வர்ணமெட்டு’ என்று போட்டிருப்பார்களே, அச்சு அசல் அதேதான். பாட்டுக்கென்று புது மெட்டுப் போடுவது அப்போது வழக்கமில்லை. ஆப்பராவிலிருந்து ஒன்று, மியூசிக் ஹாலிலிருந்து ஒன்று, தெருவில் பையன்கள் சீட்டியடிப்பது ஒன்று என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் புது வரிகளை ஏற்றுவார்கள். கேட்பவருக்கு மெட்டின் பழைய வரிகள் மனசில் ஓடும், காதில் புது வரிகள் விழும். இரண்டும் மோதுகிற இடத்தில் சிரிப்பு. 1880களில் லண்டன் கெயிட்டி தியேட்டரில் மேயர் லுட்ஸ் போன்றவர்கள் பர்லெஸ்குக்குப் புதிதாகவே இசையமைக்க ஆரம்பித்தார்கள். இசை அழகானது, ஆனால் இந்த மோதல் போய்விட்டது.

இன்றைய பார்வையாளருக்கு 1868ன் மெட்டு எதுவும் தெரியாது. தெரியாத மெட்டில் பகடி செய்தால் யார் சிரிப்பார்கள்? இன்றைய சினிமாப் பாட்டுகளைப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதில் நியாயம் உண்டு. லிடியா இன்று இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைசியில் கண்டுபிடித்த வழி மிகப் பழையது. தொடக்க இசை என்று ஒன்று உண்டல்லவா, திரை தூக்குவதற்கு முன் வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது. அந்தக் காலத்தில் அதையே நாடகத்தில் வரப்போகும் மெட்டுகளைக் கோத்துத்தான் அமைப்பார்கள். நாங்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் மெட்டுகளை அவற்றின் பழைய வரிகளோடு பாடவே வைத்தோம். ‘ஷாம்பெயின் சார்லி’ லண்டன் மியூசிக் ஹாலில் 1866 வாக்கில் பிரபலமானது. ‘கேப்டன் ஜிங்ஸ்’ 1868ல் அமெரிக்கா முழுக்கப் பாடியது. இரண்டையும் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், இரண்டாம் அங்கத்தில் அதே மெட்டு வேறு வரிகளோடு வரும்போது, கூட்டம் முதல் அடியிலேயே பிடித்துக்கொள்ளும்.

இது நடந்துகொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா பேசினாள். என்ன நாடகம் என்று கேட்டாள், சொன்னேன். மறுநாள் மறுபடி அழைப்பு.

“நெட்ல அந்தப் பேரப் போட்டுப் பாத்தேண்டி. என்னென்னமோ படமா வருது. அந்த மாதிரி எடத்துல நீ ஏண்டி போய் வாசிக்கணும்?”

“அம்மா, இதுல யாரும் எதையும் கழட்டறதில்ல. பொம்பளைங்க நின்னு வாய் பேசறாங்க, பாடறாங்க. அவ்வளவுதான்.”

“வாய் பேசறதுதான் இன்னும் மோசம்.”

நான் சிரித்துவிட்டேன். ஆனால் 1869ல் நியூயார்க் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். முதல் சில வாரங்கள் பத்திரிகைகள் பாராட்டின. குழு நிப்லோஸ் கார்டன் என்ற பெரிய, மதிப்பான அரங்குக்கு இடம்பெயர்ந்து, ‘நாற்பது திருடர்கள்’ போட ஆரம்பித்ததும் காற்று திரும்பியது. இத்தனைக்கும் அதே நிப்லோஸ் கார்டனில் 1866ல் ‘தி பிளாக் க்ரூக்’ என்ற பிரம்மாண்டமான காட்சி நாடகம் ஓடியிருந்தது. காலுறை அணிந்த நடனப் பெண்கள் வரிசை வரிசையாக வந்து போனார்கள். பாதிரியார்கள் திட்டினார்கள், கூட்டம் குறையவில்லை, நானூறு காட்சிகளுக்கு மேல் ஓடியது. அந்தப் பெண்கள் ஆடினார்கள், பேசவில்லை. லிடியாவின் பெண்கள் அதே கால்களோடு நின்று பேசினார்கள். வங்கிக்காரரையும் அரசியல்வாதியையும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவரையும் கிண்டல் செய்தார்கள். வில்லியம் டீன் ஹோவெல்ஸ் 1869 மே மாத அட்லாண்டிக் மன்த்லியில் இதைப் பற்றி எழுதினார். இவர்களை ஆணென்றும் சொல்ல முடியவில்லை, பெண்ணென்றும் சொல்ல முடியவில்லை, இரண்டையும் கேலி செய்யும் வேறொரு இனம் என்கிற ரீதியில் போகிறது கட்டுரை. மயங்கவும் செய்கிறார், மிரளவும் செய்கிறார்.

எதிர்த்தவர்களில் ஆலிவ் லோகனை மட்டும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அவர் முன்னாள் நடிகை. பெண்கள் உரிமை மாநாட்டு மேடையிலேயே இந்தக் ‘கால் வியாபாரத்தை’ எதிர்த்துப் பேசினார். முறையாக நடிப்புக் கற்ற பெண் வேலை கேட்டுப் போனால், முடி மஞ்சளா, கால் வடிவாக இருக்கிறதா என்று மேனேஜர்கள் கேட்கிறார்கள் என்பது அவர் புகார். பொய்யில்லை. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர் பயந்தது சரிதான் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அவர் கோபம் மேனேஜர்கள் மேல் விழுந்ததைவிட நடிகைகள் மேல்தான் அதிகம் விழுந்தது.

1870 பிப்ரவரியில் குழு சிகாகோவில் கிராஸ்பி ஆப்பரா ஹவுஸில் ஆடியது. சிகாகோ டைம்ஸ் ஆசிரியர் வில்பர் ஸ்டோரி இவர்களை ஒழுக்கங்கெட்டவர்கள் என்று தொடர்ந்து எழுதினார். லிடியா, அவருடைய மேனேஜர் அலெக்சாண்டர் ஹெண்டர்சன், சக நடிகை பாலின் மார்க்கம் எல்லாரும் போய் ஸ்டோரியைத் தெருவில் மறித்தார்கள். லிடியா குதிரைச் சாட்டையால் அடித்தார். கைது, நீதிமன்றம், அபராதத் தீர்ப்பு, நாடு முழுக்கச் செய்தி.

இந்தச் சாட்டைக் காட்சியை மேடையில் வைப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் தகராறு. லிடியாவாக நடித்த பெண்ணுக்கு அது கட்டாயம் வேண்டும். எனக்கு வேண்டாம் என்று பட்டது. காலுறை போட்ட பெண் கையில் சாட்டை என்ற படம் வந்துவிட்டால் அவள் அதுவரை பேசிய ஒரு வரியும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசியில் சாட்டை வரவில்லை. நான்கு பெண்கள் பத்திரிகைக்காரர்களாக மீசை ஒட்டிக்கொண்டு வந்து, அன்றைய செய்தித்தாள் நடையிலேயே ஆளுக்கொரு விதமாகச் சம்பவத்தை விவரித்தார்கள். கீழே நாங்கள் இறுதி ஊர்வல இசை வாசித்தோம். லிடியா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராபர்ட் ஆலன் அமெரிக்க பர்லெஸ்க் பற்றி 1991ல் வெளியிட்ட நூலில் ஒரு வாதத்தை வைக்கிறார். லிடியாவுக்குப் பிறகு வந்த எழுபது வருஷத்தில் பர்லெஸ்க் பெண்ணிடமிருந்து பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்பட்டது, உடம்பு மட்டும் மிஞ்சியது என்பது அதன் சாரம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு இடுப்பாட்டம் வந்து சேர்ந்தது. பேச்சு ஆண் கோமாளிகளின் கைக்குப் போனது. ஊர் ஊராகக் குழுக்களைச் சுற்றவிடும் கம்பெனி ஏற்பாட்டுக்கு ‘வீல்’, அதாவது சக்கரம், என்றே பெயர். கொலம்பியா வீல், மியூச்சுவல் வீல் என்று சொல்வார்கள். இக்ஸியனின் சக்கரம் இப்படித் திரும்பி வந்தது யாரும் திட்டமிட்டதல்ல. 1930களில் ஜிப்சி ரோஸ் லீ மேடையில் படித்த பேச்சுப் பேசிக்கொண்டே கையுறையைக் கழற்றிப் பெயர் வாங்கினார். அது புதுமை என்று எல்லாரும் வியந்தார்கள். மேடையில் பெண் பேசுவது புதுமையாகத் தெரிகிற அளவுக்கு மறதி ஆழமாகியிருந்தது.

அந்த 1893 கண்காட்சியோடு எனக்கொரு சொந்தக் கணக்கு. கேளிக்கைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சால் புளூம் என்ற இளைஞர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். அல்ஜீரிய நடனத்துக்காக பியானோவில் அந்த நிமிஷத்தில் தட்டிய மெட்டு ஒன்று தன்னுடையது என்று சுயசரிதையில் உரிமை கொண்டாடுகிறார். அமெரிக்கக் கார்ட்டூன்களில் கூடையிலிருந்து பாம்பு எழும்பும்போது வருமே, அதுதான். ஒத்திகையில் ஒருவர் என்னிடம், “நீதான் இந்தியாவாச்சே, அதை வயலின்ல கொஞ்சம் வாசியேன்” என்றார். கெட்ட எண்ணம் இல்லை. நான் வில்லைக் கீழே வைத்துவிட்டு, 1838ல் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

லிடியா பிறந்த அதே வருஷம் அது. கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் கோவிலைச் சேர்ந்த தேவதாசிகள் ஐந்து பேரையும் அவர்களுடைய வாத்தியக்காரர்கள் மூன்று பேரையும் ஒரு பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டு ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போனார். பாரிஸில் ஆடினார்கள். பிறகு லண்டன் அடெல்ஃபி தியேட்டரில், வெஸ்ட்ரிஸும் பிளாஞ்சேயும் கொடிகட்டிப் பறந்த அதே நகரத்தில், ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றி தியோஃபில் கோத்தியே உருகி உருகி எழுதினார். நிறம், கண், தோள், நகை எல்லாம் அதில் இருக்கிறது. அவர்கள் பாட்டோடு ஆட வந்தவர்கள். அபிநயம் என்பது பாட்டின் சொல்லுக்குப் பிடிப்பது. அந்தச் சொல் அரங்கில் ஒருவருக்கும் புரியவில்லை. கூட்டம் பார்த்தது கண்ணை மட்டும், கேட்டது சலங்கையை மட்டும். லிடியாவிடமிருந்து பேச்சைப் பிடுங்க எழுபது வருஷம் ஆயிற்று. நம் பெண்களுக்குக் கப்பலிலிருந்து இறங்கியபோதே அது நடந்துவிட்டது.

பாம்பாட்டி மெட்டு நிகழ்ச்சியில் வரவில்லை. அதே கறாரோடு மற்றதையும் பார்க்க வேண்டியிருந்தது. 1868ன் மெட்டுகளில் பல, முகத்தில் கரி பூசி வெள்ளையர்கள் கறுப்பர்களைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் மேடையிலிருந்து வந்தவை. வரிகளை மாற்றினாலும் சிலவற்றின் மெட்டே இன்று அமெரிக்கக் காதில் குத்தும். அவற்றை எடுத்துவிட்டோம். இனக் கிண்டல்கள் வருகிற ஈரடிகளையும் எடுத்துவிட்டோம். காலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். பிரதியிலேயே அதற்குப் பதில் இருந்தது. அந்த நாடகங்கள் அச்சுப்பிரதியை அப்படியே ஒப்பிப்பதற்காக எழுதப்பட்டவை இல்லை. லண்டன் கிண்டல்களை எடுத்துவிட்டு நியூயார்க் கிண்டல்களை வைத்துத்தான் லிடியா ஆடினார், நகரத்துக்கு நகரம் மாற்றினார். அப்படி மாற்றுவதும் அந்த வடிவத்துக்குள்ளேயே அடங்கியதுதான்.

அந்த மாற்றத்துக்காகத்தான் உயிருள்ள வாத்தியக்காரர்கள் தேவை என்பது எனக்குப் பிடிபட்டதும் இந்த இடத்தில்தான். நாங்கள் ஐந்து பேர். வயலின், கார்னெட், கிளாரினெட், பியானோ, டிரம்ஸ். நிப்லோஸ் கார்டனின் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒப்பிட்டால் பிச்சைக்காரக் கச்சேரி. ஆனால் ஐந்து பேரும் நிறுத்தத் தெரிந்தவர்கள், காத்திருக்கத் தெரிந்தவர்கள். பதிவுசெய்த இசை சிரிப்புக்காகக் காத்திருக்காது. கூட்டம் சிரிக்கச் சிரிக்க அடுத்த வரியை விழுங்கிவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதோடு கட்டிப்போட்டுவிட்டால் நடிகை பேசுவதை நிறுத்திவிட்டு உடம்பை மட்டும் தாளத்துக்கு அசைக்க வேண்டியதுதான். பழைய அரங்கக் குறிப்புகளில் ‘தயாராகும்வரை இதையே வாசி’ என்று சில அடிகளுக்குமேல் எழுதியிருப்பார்கள். நம் ஊரில் பாடகர் வரியை எடுக்கும்வரை பக்கவாத்தியக்காரர் சுற்றிக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி.

இக்ஸியன் கடவுள்களின் விருந்தில் எழுந்து நின்று பேசும் கட்டத்தில் அப்படி நான்கு அடிகளை எழுதி வைத்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் அன்று மத்தியானம் அந்த வசனம் புதிதாக எழுதப்பட்டது. முதல் நாள் ஊர் ரயில் தாமதம், இரண்டாம் நாள் மேயரின் புது வாகன நிறுத்தக் கட்டணம். எங்களுக்கும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாது. இரண்டாம் நாள் மேயரே ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் மேடை விளிம்புவரை வந்து, இடுப்பில் கைவைத்து, அவரைப் பார்த்தபடியே ஈரடி ஈரடியாக எடுத்து விட்டாள். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு அடங்கச் சில விநாடிகள். பியானோக்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன், திரும்பவும் முதல் அடிக்குப் போனோம். அந்த நான்கு அடிகளைப் பதினேழு தடவை வாசித்தோம் என்று டிரம்ஸ்காரர் எண்ணிச் சொன்னார்.